பயறுக்கும் பயறுக்கும் இடையே ஒன்று

தாவரவியல் ஆய்வகத்தின் கடைசி மூலையில், ஃபார்மலின் பாட்டில்களுக்கும், உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கியிருந்த பீரோவுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் நான் இருந்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டி வந்த சில வருஷங்களை இப்படியே சொல்லி முடித்துவிடலாம். முடிக்க மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் மலைக்கோட்டை. திண்டுக்கல்லில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அந்தப் பாறை கூப்பிடாத விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயில் ஏற ஏற வெளுக்கும், சாயங்காலம் மறுபடி கறுக்கும். நான் மணி பார்க்க மாட்டேன். பாறையின் நிறத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்புவேன். கிளம்பிப் போய்ச் சேருகிற இடத்திலும் யாரும் காத்திருக்கவில்லை என்பதால், பாறை சொன்னதற்கு மேலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

டவுனுக்குள் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அக்கா. அவள் வீட்டுக்காரர் அரபு நாட்டில். வாசலில் மாதா படத்துக்கு விளக்குப் போட்டுவிட்டு அக்கா கீரை ஆய உட்காருகிற நேரமும் நான் வீடு திரும்புகிற நேரமும் ஒன்றாக இருக்கும்.

“ஏம்மா டீச்சர், வேலதான் பாக்குறியே, இன்னும் என்னத்தப் படிக்கிற?”

“செடிகளோட பூர்வீகத்தத் தேடுறேங்க்கா. இப்ப இருக்குற செடிகள வச்சு, அதுகளோட பாட்டன் முப்பாட்டன் எப்படி இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிச்சு?”

“அம்புட்டுத்தான்.”

“சொத்துபத்து ஏதும் வருமா?”

“வராதுக்கா.”

“அப்ப மெதுவாவே தேடு,” என்று அக்கா அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தாள்.

அக்காவிடம் சொன்னது பொய் கிடையாது, பாதி. மீதியை இங்கே சொல்கிறேன். ஒரு இலையைக் கசக்கினால் விரலில் பச்சை ஒட்டும். அந்தப் பச்சையைச் சுமக்கிற நுண்ணிய மணிகளுக்குப் பசுங்கணிகம் என்று பெயர். செடியின் மற்ற மரபணுக்களோடு சேராமல், அந்த மணிக்குள் தனியாக ஒரு மரபணு வளையம் கிடக்கும். கதம்பச் சரம் கட்டினதுபோல ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுச் சொச்சம் மரபணுக்கள். செடிக்குச் செடி மரபணுக்கள் ஏறக்குறைய அதேதான், அடுக்குதான் மாறும். எப்போதோ ஒரு காலத்தில் சரம் இரண்டு இடத்தில் அறுந்து, நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி, மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும். மல்லி, மரிக்கொழுந்து, கனகாம்பரம் என்று போய்க்கொண்டிருந்தது அந்த இடத்தில் மட்டும் கனகாம்பரம், மரிக்கொழுந்து, மல்லி என்று போகும். திரும்பின துண்டு அப்படியே பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்கும். கோடிக்கணக்கான வருஷம் கழித்து வந்து, கையில் மூன்று சரத்தை வைத்துக்கொண்டு, இந்த மூன்றும் எந்த ஒரு சரத்திலிருந்து பிரிந்து வந்தவை, ஆகக் குறைந்த திருப்பங்களில் எப்படி வந்திருக்கும் என்று கேட்கிறவள் நான்.

கேள்வி ஒரு வரிதான். விடைக்குத்தான் ஆயுசு போதாது. மரபணுக்களுக்கு எண் கொடுப்போம். திரும்பி நிற்கிற மரபணுவுக்கு முன்னால் ஒரு மைனஸ். மூதாதையின் வரிசை இப்படி இருந்திருக்கும் என்று ஒன்றை ஊகித்து, அங்கிருந்து மூன்று செடிக்கும் எத்தனை திருப்பம் என்று எண்ணிக் கூட்ட வேண்டும். அதைவிடக் குறைவாக வேறு வரிசை உண்டா என்று அடுத்ததைப் பார்க்க வேண்டும். நூறு பேரை வரிசையில் நிறுத்த எத்தனை விதம் உண்டோ அத்தனை மூதாதைகள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டராலும் பார்த்து முடியாது. எதையெதைப் பார்க்காமலே தள்ளிவிடலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தச் சொல்லிக்கொடுப்பில்தான் என் முப்பதுகள் போயின.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது, உறுத்தவும் செய்தது. ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று அது கேட்பதில்லை. யாருக்குப் பக்கத்தில் யார் என்று மட்டும் கேட்கும். இரண்டு செடிகளில் ஏழும் எட்டும் ஒட்டி நின்றால் மூதாதையிலும் ஒட்டி நின்றிருக்கும் என்று நம்பும். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றே தெரியாத ஒன்றைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்தேன். வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலத்தில், கம்ப்யூட்டர் தெரிந்தால் வேலையும் வரும் மாப்பிள்ளையும் வருவான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னதால், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் டிப்ளமோ சேர்ந்தேன். கோயிலுக்குப் போகிற மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். மாப்பிள்ளை வரவில்லை. வேலை வந்தது, வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கல்லூரியில். அங்கே தாவரவியல் துறைத் தலைவராக இருந்தவர் பின்னால் என் ஆய்வுக்கு வழிகாட்டியானார். எல்லோருக்கும் போல எனக்கும் அவர் சார்.

சார் களைச்செடிகளின் ஆள். ரயில்வே லைன் ஓரமாகக் குனிந்துகொண்டே நடந்து போகிறவர். ஒருநாள் ஏதோ கருத்தரங்கிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டுரையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“இதுல பாதி செடி, பாதி கணக்கும்மா. செடிப் பாதி எனக்குப் புரியுது. மிச்சப் பாதிக்கு நீ இருக்க. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு தேறும்.”

பகுதிநேர ஆய்வு மாணவியாக அவரிடம் பதிந்துகொண்டேன். வழிகாட்டியாக அங்கீகாரம் வாங்கி அவருக்கு ரொம்ப வருஷமாகியிருந்தது. ஆனால் அவரிடமிருந்து இன்னும் ஒரு முனைவர் பட்டம்கூட வெளியே வந்ததில்லை. முதலில் சேர்ந்தவர் அரசு வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். எனக்குப் போவதற்கு இடமில்லை. அப்பா இறந்திருந்தார், அம்மா தம்பியோடு திருப்பூரில்.

சார் ஓய்வு பெறுகிற மே மாதத்துக்குள் ஆய்வேடு போயாக வேண்டும். வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டால் வேறொருவரிடம் மாற வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த வழிகாட்டி எங்கள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. ஆக, என் பட்டமும் சாருடைய ஒரே பட்டமும் ஒரே தேதியில் மாட்டிக்கொண்டிருந்தன. ஸ்டாஃப் ரூமில் விலங்கியல்காரர் ஒருவர் இதை விடாமல் நினைவூட்டிக்கொண்டிருப்பார்.

“என்னங்க சார், ரிடையராகுறதுக்குள்ள ஒரு டாக்டரையாவது பெத்துருவீங்களா?”

“எனக்கு லேட் மேரேஜுங்க,” என்பார் சார், டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்காமல்.

செடிகளின் வரிசைகள் இன்டர்நெட்டில் கிடைத்தன. கல்லூரியில் அப்போது இணைப்பு இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். பிளைவுட் தடுப்பு, சின்னத் திரை, உள்ளே மின்விசிறிக் காற்று வராது. பக்கத்துத் தடுப்புகளில் எல்லாம் யாரோ யாருடனோ தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள், சிரிப்புக் கேட்கும். நான் மரபணுப் பட்டியல்களை ஃப்ளாப்பியில் இறக்கிக்கொண்டிருப்பேன். கடைக்காரப் பையன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், நீங்க சாட் பண்றதே இல்லையா?” என்றான். “பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், பதில்தான் மெதுவா வருது,” என்றேன். சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

முதலில் இறக்கியது புகையிலை. உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் புகையிலையின் வளையத்தைத்தான் முதலில் எடுத்து வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிடுவார்கள். எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் அதை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்திருந்தார்கள். என் அப்பா வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை போட்டவர். இலை பெருக்கச் செடியின் நுனியை ஒடிக்கிற நாட்களில் அவர் கை பிசுபிசுவென்று கறுத்து, சோற்றைப் பிசைந்தால் சோறு கசக்கும். அம்மா ஊட்டிவிடுவாள், அந்த ஒரு சமயத்தில் மட்டும். எண்கள் திரையில் வரிசையாக இறங்கினபோது, அப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். விலை என்ன போகுது என்று கேட்டிருப்பார்.

சாருக்கு ஒரே ஒரு வருஷம் மிச்சமிருந்த கோடையில் அது கிடைத்தது. அவரை, பயறு குடும்பத்துச் செடிகள் சிலவற்றைப் புகையிலையோடு வைத்து மூதாதையைத் தேடிக்கொண்டிருந்தேன். வளையத்தில் வில்போல வளைந்த இரண்டு பகுதிகள் உண்டு, ஒரு பெரிய வில், ஒரு சின்ன வில். ஒரு பயறிலும் ஒரு காட்டுக் கொடியிலும் அந்தச் சின்ன வில் ஒரேமாதிரித் திரும்பியிருந்தது. மற்றவற்றில் திரும்பவில்லை. இந்த இரண்டும் தூரத்துச் சொந்தம் என்றுதான் புத்தகங்கள் வைத்திருந்தன. என் கணக்கு, இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை, திருப்பம் அந்தத் தாயிடம் நடந்தது, பிள்ளைகள் இரண்டும் அதைச் சுமந்து வந்திருக்கின்றன என்றது. அப்படி வைத்தால் மொத்தத் திருப்பங்கள் குறைந்தன. ஆய்வேட்டின் நடு அத்தியாயம் அதுதான், மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அதன்மேல் சாய்ந்து நிற்பவை.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து போய், கேன்டீனிலிருந்து தானே ரெண்டு டீயும் பஜ்ஜியும் வாங்கி வந்தார். “இது நம்ம பொண்ணு கண்டுபுடிச்சது,” என்று அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் சொன்னாராம். விலங்கியல்காரர் வாயடைத்துப் போனதாக எனக்குச் செய்தி வந்தது. நான் மாடி ஏறிப் போய் விளக்கைப் போடாமல் செத்த நேரம் நின்றேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. திருப்பூருக்கு எஸ்.டி.டி. போட்டேன். தம்பி மகள் எடுத்தாள். அத்தை, எனக்குப் பல்லு விழுந்துருச்சு என்றாள். அதையே பேசிவிட்டு வைத்தேன்.

இன்னும் பல செடிகளைச் சேர்த்து இதே முடிவு நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார் சார். செடி கூடக் கூட நேரம் மலைபோல் ஏறும். யு.பி.எஸ்., அது போனால் ஜெனரேட்டர் என்று ஏற்பாடு செய்து கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். இரவும் பகலும் ஓடியது. லேப் அட்டெண்டர் அண்ணனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

“என்ன மேடம், ஒரே ப்ளஸ்ஸும் மைனஸுமா ஓடுது. ஜாதகமா?”

“அந்த மாதிரித்தாண்ணே. செடிகளுக்கு.”

“பொருத்தம் இருக்கா?”

“பாத்துக்கிட்டு இருக்கு.”

“ரெண்டு வாரமாவா? எங்க ஊரு ஜோசியரே தேவல. அஞ்சு நிமிசத்துல இல்லன்னு சொல்லிருவாரு.”

சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு அம்மாவைப் பார்க்கத் திருப்பூர் போனேன். திரும்பி வந்தபோது லேப் கழுவித் துடைத்திருந்தது. நீள மேஜையில் மைக்ராஸ்கோப்புகள், தராசு, கத்தரிகள், செடி அழுத்துகிற பலகைகள், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். கம்ப்யூட்டர் திரையின் நெற்றியிலும் மூன்று விரல் சந்தனம், நடுவில் பொட்டு. பெட்டிமேல் ஒரு துண்டுச் செவ்வந்திச் சரம். திரை கறுப்பாக இருந்தது.

“அண்ணே, இது ஓடிக்கிட்டு இருந்துச்சே.”

“அதான் மேடம் நிறுத்துனேன். சாமிக்கு முன்னாடி வச்ச சாமான் ஓடலாமா? தராசு சும்மா இருக்கு, மைக்ராஸ்கோப்பு சும்மா இருக்கு, இது மட்டும் மொணமொணன்னு கெடக்கு. வருசம்பூரா ஒழைக்குது, ஒரு நாளு படுத்துக்கிடட்டும்னு சுச்சப் புடுங்கிவிட்டேன்.” பொரிகடலைப் பொட்டலத்தை நீட்டினார். “உங்க பங்கு.”

இடையிடையே சேமித்துக்கொள்ளும்படி நான் எழுதியிருக்கவில்லை. இரண்டு வாரக் கணக்கு போனது போனதுதான். கோபப்படுவதற்கு எனக்கு ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. அவர் செய்தது சரி என்றே பட்டது, எந்த சாமானும் ஒரு நாள் ஓயலாம். உட்கார்ந்து பொரியைத் தின்றேன்.

மறுபடி ஓடவிடுமுன், சட்டென்று மின்சாரம் போனதில் கோப்புகள் எதுவும் கெட்டிருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். விடை முன்பே தெரிந்த ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அந்தப் பயறை எடுத்தேன். அதே பயறை இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியாகப் படித்து இன்டர்நெட்டில் வைத்திருந்தன. நான் ஒன்றைத்தான் பயன்படுத்தியிருந்தேன், இன்னொன்று ஃப்ளாப்பியில் சும்மா கிடந்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்து, இதற்கும் அதற்கும் எத்தனை திருப்பம் என்று கேட்டேன். ஒரே செடி. பூஜ்யம் வர வேண்டும்.

ஒன்று என்று வந்தது.

கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஃப்ளாப்பியிலிருந்து மறுபடி எடுத்துப் போட்டேன். ஒன்று. என் நிரலில் பிழை என்று நினைத்தேன். வரிவரியாகப் படித்தேன். வாரக்கணக்கில், வகுப்பில்லாத நேரமெல்லாம். ஒரு திருத்தம் செய்வேன், ஓட்டுவேன், ஒன்று. கடைசியில் நிரலை விட்டுவிட்டுத் தாளில் எண்களை எழுதி, நீளப் பட்டையாக வெட்டி, நுனியோடு நுனி ஒட்டி இரண்டு வளையம் செய்தேன். அட்டெண்டர் அண்ணன், “தீவாளி தோரணமா மேடம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். வளையங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெரிய வில் ஒத்துப்போனது. சின்ன வில் மட்டும் ஒன்றில் இப்படி, ஒன்றில் அப்படி. என் நடு அத்தியாயம் நின்றுகொண்டிருந்த அதே சின்ன வில்.

தனக்கும் தனக்கும் நடுவே ஒரு திருப்பம் என்று ஒரு செடி சொல்லுமா? பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாறை கறுத்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் மதுரையில் ஒரு பெரிய நூலகத்துக்குப் போய் வந்தேன். நான் பிள்ளையாக இருந்த காலத்து ஆய்விதழ்கள், யாரும் பிரிக்காமல் பக்கங்கள் ஒட்டியிருந்தன. நாலைந்து தடவை போன பிறகு ஒரு பழைய கட்டுரையில் கிடைத்தது. அந்த வளையத்தில் சின்ன வில்லுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடியும் பிம்பமும் மாதிரி இரண்டு ஒரேமாதிரித் துண்டுகள் உண்டு. அந்த இரண்டும் அவ்வப்போது ஒன்றோடொன்று பொருந்தி, நடுவில் இருக்கிற வில்லைப் புரட்டிவிடும். மறுபடி பொருந்தி மறுபடி புரட்டும். அதனால் ஒரே இலையில், ஒரே நேரத்தில், வளையங்களில் ஏறக்குறைய சரிபாதி இப்படியும் சரிபாதி அப்படியும் இருக்கும். எழுதிவைக்கிறவர்கள் இரண்டில் ஏதோ ஒன்றை எழுதிவைப்பார்கள். நான் எடுத்த பயறு வரிசையையும் காட்டுக் கொடியையும் படித்தவர்கள் ‘அப்படி’யை எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் ‘இப்படி’யை.

நான் கண்டுபிடித்த சம்பவம் நடக்கவே இல்லை. அல்லது ஒவ்வொரு இலையிலும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. எப்படி வைத்துக்கொண்டாலும் அது வரலாறு ஆகாது. அந்தத் தாய் என்று ஒருத்தி கிடையாது.

நிலக்கோட்டை பஸ்ஸில் திரும்பினேன். மதுரை மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்ட காலிக் கூடைகள் என்னோடு திரும்பிக்கொண்டிருந்தன. காலிக் கூடையில் வாசனை அதிகமாக இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரி, “தலவலியா தாயி?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற கோடைகாலத்து ஆசை மறுபடியும் வந்தது, இந்தத் தடவை வேறு காரணத்துக்காக. சொல்ல முடிந்த ஒரே ஆள் சார்தான். அவரிடம்தான் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் இரண்டு தாள் வளையங்களையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சார் ஒரு வளையத்தை எடுத்துச் சின்ன வில்லை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே யாரோ மோட்டார் போட்டுச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்கும் எனக்கும் சார்.”

“எக்ஸாமினருக்கு?”

“தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். நமக்கே தெரியலையே சார்.”

“அந்தத் திருப்பத்த எடுத்துட்டா?”

“எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன். எந்த மூதாதையும் தனியா நிக்க மாட்டேங்குது. பல வரிசைக சமமா வருது. எது நிஜம்னு சொல்ல முடியல. நடு அத்தியாயம் போனா மத்தது எதுவும் நிக்காது.”

“மே மாசத்துக்குள்ள?”

“முடியாது சார்.”

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். களைச்செடிகளுக்காகக் குனிந்து குனிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த முதுகு.

“எனக்கு வயசாச்சும்மா,” என்றார் வெளியே பார்த்தபடியே. “எம்பேருல ஒண்ணு வெளிய வந்தா நல்லாருக்கும்னு இருக்கு, அத மறைக்கல. நீ டைப் அடிச்சுக் கொண்டுவந்து வச்சா நான் கையெழுத்துப் போட்டுருவேன். என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. வைக்கலேன்னா கேக்க மாட்டேன். நீதான் முடிவு பண்ணணும். எனக்கு அம்புட்டுத் தைரியம் இல்ல.”

அதற்குப் பிறகு சாரும் நானும் ஆய்வைப் பற்றிப் பேசவில்லை. காரிடாரில் பார்த்தால், சாப்டியாம்மா என்பார். சாப்டேன் சார் என்பேன். பழைய முடிவோடவே அச்சடித்த ஆய்வேட்டுப் பிரதி என் மாடி அலமாரியில் இருந்தது. சார் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை மட்டும் தனியாக உருவி வைத்திருந்தேன். சில காலைகளில் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்புவேன். பஸ்ஸில் வரும்போதே வேண்டாம் என்று தோன்றும், சாயங்காலம் அதே மடிப்போடு வீட்டுக்கு வரும். பெரிய நேர்மை என்றெல்லாம் இல்லை. கோடையில் அந்தத் தாயைக் கண்டபோது எனக்கு நிஜமாகவே ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது. அவள் இல்லை என்று தெரிந்த பிறகு அவள் பேரில் ஒரு பட்டத்தை மாட்டிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? அவ்வளவுதான் யோசித்தேன். சாரை யோசித்தால் மட்டும் கை பைக்குள் போகும்.

மே கடைசி நாள், சாருக்குப் பிரிவுபசார விழா. கல்லூரி விடுமுறையில் இருந்ததால் மாணவர்கள் இல்லை, ஆசிரியர்களிலும் பாதிப் பேர் வெளியூர். நாற்காலிகள் நிறையக் காலி. சால்வை, ரோஜா மாலை, ஒரு குத்துவிளக்கு. விலங்கியல்காரர்தான் ரொம்ப நேரம் பேசினார். சாரைப் பற்றி அவருக்குத்தான் நிறையத் தெரிந்திருந்தது. ரயில்வே லைனில் செடி பறித்ததற்காக ஒருமுறை போலீஸ் பிடித்துப்போன கதையை ரெண்டு தடவை சொன்னார். பட்டம், ஆய்வு, மாணவர்கள் என்று ஒரு வார்த்தைகூட அவர் எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து கேட்டுக்கு வெளியே ஆட்டோவுக்காக நின்றோம். குத்துவிளக்கு என் கையில், மாலை அவர் கையில்.

“அதுக்கப்புறம் நீ என் ரூமுக்கு வரவே இல்லையே.”

“வந்தா கையெழுத்துக் கேட்டுருவேனோன்னு இருந்துச்சு சார்.”

“கேட்டிருந்தா போட்டிருப்பேன்.”

“தெரியும் சார்.”

“தெனமும் பேனாவ எடுத்து மேஜையில வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்,” என்றார். “வரலியேன்னும் இருக்கும். வரலன்னு ஆறுதலாவும் இருக்கும். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் மத்தது எந்திரிச்சு உக்காந்துக்கிடுது.” சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

ஆட்டோ வந்தது. விளக்கை சீட்டில் படுக்கவைத்தேன். ஏறினவர் தலையை வெளியே நீட்டினார்.

“இனி என்ன பண்ணப் போற?”

“சின்ன வில்ல விட்டுட்டு முதல்லருந்து எண்ணணும் சார். சமமா வந்த வரிசைக எல்லாத்துலயும் எதெல்லாம் பக்கத்துப் பக்கத்துல மாறாம இருக்குன்னு பாக்கலாம். முழுச் சரம் கெடைக்காது. துண்டு துண்டாக் கெடைக்கலாம்.”

“எண்ணி யார்கிட்ட காட்டப் போற?”

விளக்கு உருளாமல் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தேன். அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஆட்டோ ரோட்டில் ஏறி, டவுன் பக்கம் போனது.

நான் மாறிப் போய்ச் சேர்ந்த புது வழிகாட்டி தலைப்பையே மாற்றச் சொன்னதும், நான் மாற்றாமல் இழுத்ததும், பதிவு காலாவதியானதும் பின்னால் நடந்தவை. இன்றைக்கும் என் பேருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. பஸ் வர நேரமிருந்தது. ரோட்டிலே நிற்கப் பிடிக்காமல் உள்ளே திரும்பினேன். லேப் வாசலில் அட்டெண்டர் அண்ணன் சாவிக்கொத்தோடு நின்றார்.

“சார் போயாச்சா?”

“போயாச்சுண்ணே.”

“அப்ப பூட்டிரவா?”

“செத்த நேரம் இருங்கண்ணே,” என்று சொல்லிவிட்டுப் போய் கம்ப்யூட்டர் ஸ்விட்சைப் போட்டேன்.